எந்த விஷயத்துக்கு எந்த வெப்சைட்? எங்க ஜெராக்ஸ் கடைல அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதில்களும்

திண்டுக்கல் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல பன்னெண்டு வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். தினமும் யாராச்சும் வந்து "அண்ணே இதுக்கு எதாச்சும் சைட் இருக்கா"ன்னு கேப்பாங்க. ஒரே பதிலை நூறு தடவை சொல்லியாச்சு, அதான் எழுதியே போட்டுடலாம்னு உக்காந்தேன். இதுல நான் சொல்ற ஒவ்வொண்ணும் நானே திறந்து பாத்து, யாருக்காச்சும் வேலை முடிச்சுக் குடுத்ததுதான்.

கூகுள்ல போட்டா எல்லாம் வருதே, தனியா எதுக்கு வெப்சைட் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கணும்?

வரும், ஆனா முதல்ல வர்றது பாதி நேரம் விளம்பரம். மேல பொடி எழுத்துல ஸ்பான்சர்ட்னு போட்டிருப்பான், அதை யாரும் படிக்கிறதில்ல. போன வருஷம் ஒரு அக்கா வில்லங்கம் போட்டுத் தர்றேன்னு விளம்பரம் குடுத்திருந்த ஏதோ ஒரு சைட்ல 600 ரூபா கட்டிட்டு வந்தாங்க, வந்த பேப்பர் என்னன்னா, பதிவுத்துறை சைட்ல காசே இல்லாம டவுன்லோட் பண்ற அதே பேப்பர். அன்னைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல.

அதுக்கப்புறம்தான் கடைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பி சொல்ல ஆரம்பிச்சேன். எந்த விவரம் வேணும்னாலும் முதல்ல, இந்த விவரத்தை எழுதி வைக்கிற கணக்குப்பிள்ளை யாருன்னு யோசிங்க. நிலக் கணக்கை வருவாய்த்துறை வச்சிருக்கு, பத்திரக் கணக்கை பதிவுத்துறை வச்சிருக்கு, மழைக் கணக்கை வானிலைத் துறை வச்சிருக்கு. அந்தக் கணக்குப்பிள்ளை யாருன்னு தெரிஞ்சா சைட்டும் தெரிஞ்ச மாதிரி, நடுவுல இருக்கற மத்தவன் எல்லாம் அங்க இருந்து எடுத்துத்தான் நமக்கு விக்கிறான்.

சைட் ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

மேல அட்ரஸ் கட்டத்துல முதல் ஒத்தைச் சாய்வுக்கோடு வர்ற இடத்துக்கு முன்னாடி என்ன முடிவு இருக்குன்னு மட்டும் பாருங்க. முன்னாடி என்ன பேர் வேணா வச்சுக்கலாம், தமிழ்நாடு அரசுன்னே வச்சுக்கலாம், ஆனா முடிவை ஏமாத்த முடியாது. அரசாங்க சைட்னா கவ் டாட் இன் (gov.in) இல்லன்னா நிக் டாட் இன்னு (nic.in) முடியும், அந்த ரெண்டையும் தனியார் யாரும் காசு குடுத்து வாங்க முடியாது. பேங்குங்க எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள பேங்க் டாட் இன்னு முடியற அட்ரஸுக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருந்தது, அதனால உங்க பேங்கோட பேர் போட்டு வேற ஏதோ மாதிரி முடிஞ்சா நின்னு நிதானிச்சுப் பாருங்க. எல்லாத்துக்கும் இது பொருந்தாது, ஐஆர்சிடிசி சைட் கோ டாட் இன்னுதான் முடியும், அது அசல்தான்.

பூட்டு படம் இருக்கு அதனால நல்ல சைட்னு நிறைய பேர் நம்பறாங்க. அது தப்பு. அந்தப் பூட்டு, நீங்க அனுப்பறதை நடுவுல யாரும் படிக்க முடியாதுன்னுதான் சொல்லுது, அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் நல்லவனா திருடனான்னு அதுக்குத் தெரியாது. வாட்ஸப்ல வர்ற லிங்க்ல சந்தேகம் இருந்தா கிளிக் பண்ணாம, காப்பி பண்ணி வைரஸ்டோட்டல்னு ஒரு சைட் இருக்கு (கூகுள் கம்பெனியோடது) அதுல போட்டுப் பாருங்க, பல ஆண்டிவைரஸ் சேர்ந்து சோதிச்சு சொல்லும். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் புதுசா இன்னைக்குக் காலைல போட்ட மோசடி லிங்க் தப்பிச்சிடலாம், அதையும் மனசுல வச்சுக்கங்க.

பட்டாவும் வில்லங்கமும் நானே வீட்ல இருந்து எடுக்க முடியுமா தம்பி?

முடியும்ங்க, ரெண்டும் வேற வேற சைட், அதுலதான் எல்லாரும் குழம்பறாங்க. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பிங்கற நில அளவு வரைபடம் இதெல்லாம் வருவாய்த்துறையோட இ-சர்வீசஸ் சைட்ல இருக்கு, மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு இது தெரிஞ்சா போதும். யாராச்சும் உங்ககிட்ட ஒரு பட்டா பிரிண்டைக் காமிச்சு நிலம் விக்க வந்தாங்கன்னா, அதுல இருக்கற நம்பரை வச்சு அது அசல்தானான்னு அதே சைட்ல சரிபார்க்கவும் வழி இருக்கு, இதை பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வில்லங்கம் பதிவுத்துறை சைட்ல, டிஎன்ரெஜிநெட்னு பேரு. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே நம்பர், எந்த தேதிலருந்து எந்த தேதி வரைக்கும்னு குடுக்கணும். 1975லருந்து இருக்கற பதிவுங்க கம்ப்யூட்டர்ல கிடைக்குது, அதுக்கு முன்னாடி வேணும்னா பெரும்பாலும் ஆபீசுக்குத்தான் போகணும். பாக்கறதுக்கும் டவுன்லோட் பண்றதுக்கும் காசு கிடையாது, லோனுக்கு கேக்கற கையெழுத்து போட்ட பிரதிக்குத்தான் கட்டணம்.

இதுல ரெண்டு விஷயம் நான் அனுபவத்துல கத்துக்கிட்டது. ஒண்ணு, சர்வே நம்பர் உட்பிரிவு ஆயிருந்தா புது நம்பரை மட்டும் போட்டு பாத்துட்டு "வில்லங்கம் இல்ல"ன்னு சந்தோஷப்படாதீங்க, உதாரணத்துக்கு இப்ப 112/3ஏ1ன்னு இருக்குன்னா முன்னாடி 112/3ஏ, அதுக்கும் முன்னாடி 112/3ன்னு இருந்திருக்கும், அப்ப எழுதின பத்திரமெல்லாம் பழைய நம்பர்லதான் கிடக்கும், எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும். இன்னொண்ணு, வில்லங்கத்துல பதிவு பண்ணின விஷயம் மட்டும்தான் வரும், பதிவு பண்ணாத உயில், வாய்வழி பாகப்பிரிவினை, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதின அக்ரிமெண்ட் இதெல்லாம் அதுல தெரியவே தெரியாது. அதனால வாழ்நாள் சேமிப்பைப் போட்டு நிலம் வாங்கறவங்க சைட்ல பாத்ததோட நிறுத்தாம வக்கீல்கிட்ட ஒரு தடவை காமிச்சிடுங்க.

எங்க அப்பா இறந்து போயிட்டாரு, அவர் பேர்ல எந்த பேங்க்ல பணம் இருந்துச்சுன்னே தெரியல. பாக்க வழி இருக்கா?

இருக்குங்க. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் எல்லாம் ரிசர்வ் பேங்க் வச்சிருக்கற ஒரு நிதிக்கு மாறிடும். அதைத் தேடறதுக்கு 2023 ஆகஸ்ட்ல உத்கம்னு ஒரு போர்ட்டல் விட்டாங்க, 2024 மார்ச்ல 30 பேங்க் அதுல சேர்ந்திருந்துச்சு. உங்க மொபைல் நம்பர் வச்சு லாகின் பண்ணி, அப்பா பேரு, கூட பான் கார்டு, வாக்காளர் அட்டை, பிறந்த தேதி இதுல ஏதாச்சும் ஒண்ணு போட்டு தேடலாம். பேரை ஒரே மாதிரி போட்டுட்டு விட்டுடாதீங்க, நம்ம ஆளுங்க இனிஷியல் முன்னாடி ஒரு பேங்க்ல, பின்னாடி இன்னொரு பேங்க்ல குடுத்திருப்பாங்க, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பான், நாலஞ்சு விதமா மாத்திப் போட்டுப் பாருங்க.

சைட்ல பணம் கைக்கு வராது, எந்த பேங்க்னு மட்டும் காட்டும், அப்புறம் இறப்பு சர்டிஃபிகேட், வாரிசு சர்டிஃபிகேட் எடுத்துக்கிட்டு அந்த பேங்குக்குப் போகணும். நிதிக்கு மாறிப் போச்சுங்கறதால உரிமை போயிடாது, எப்ப வேணாலும் கேக்கலாம். எங்க தெருவுல ஒரு பாட்டிக்கு இப்படித் தேடி, தாத்தா கோயம்புத்தூர் மில்லுல வேலை பாத்தப்ப போட்ட ஒரு டெபாசிட் கிடைச்சுது. தொகை சின்னதுதான், ஆனா தாத்தா பேரை ஸ்கிரீன்ல பாத்ததும் அந்தம்மா சேலை முந்தானைல கண்ணைத் துடைச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க.

நகை வாங்கினா அது 916தானான்னு நாமளே பாக்கலாமாமே?

பிஐஎஸ் கேர்னு அரசாங்க ஆப் இருக்கு. 2023 ஏப்ரல் 1லருந்து ஹால்மார்க் நகைல எழுத்தும் நம்பரும் கலந்து மொத்தம் ஆறு இலக்கம் வர்ற ஹெச்யூஐடிங்கற அடையாள நம்பர் கட்டாயம், ஒவ்வொரு நகைக்கும் வேற வேற. அதை ஆப்ல போட்டா என்ன நகை, எத்தனை காரட், எந்த சென்டர்ல சோதிச்சாங்கன்னு வரும். கம்மலுக்கு நம்பர் போட்டா செயின்னு வந்தா அங்கயே கேளுங்க, கடைல நிக்கும்போதே, பில் போடறதுக்கு முன்னாடியே. எழுத்து ரொம்ப பொடிசா இருக்கும், கடைக்காரர்கிட்ட லென்ஸ் கேட்டா தருவாங்க. அம்மா காலத்து பழைய நகைல இந்த நம்பர் இருக்காது, அதுக்காக அது மட்டமான தங்கம்னு நினைச்சுடக் கூடாது.

போன் தொலைஞ்சு போச்சு. என் ஆதார்ல வேற யாரோ சிம் வாங்கியிருக்காங்களோன்னும் பயமா இருக்கு.

ரெண்டுக்கும் ஒரே இடம், சஞ்சார் சாத்தி, மத்திய அரசு தொலைத்தொடர்புத் துறையோடது, 2023 மே மாசம் வந்துச்சு. உங்க நம்பர் போட்டு ஓடிபி குடுத்தா உங்க பேர்ல ஓடற எல்லா நம்பரையும் காட்டும், தெரியாத நம்பர் இருந்தா இது என்னோடது இல்லன்னு அங்கயே புகார் பண்ணலாம். தொலைஞ்ச போனை ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்) வச்சு பிளாக் பண்ணலாம், பிளாக் பண்ணிட்டா வேற சிம் போட்டாலும் இந்தியால எந்த நெட்வொர்க்குலயும் ஓடாது, அதுக்கு போலீஸ் புகார் காப்பி வேணும். ஐஎம்இஐ நம்பரைத் தொலைஞ்சதுக்கு அப்புறம் தேடினா கஷ்டம், அதனால இப்பவே ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடிச்சுப் பாத்து ரேஷன் கார்டு வச்சிருக்கற கவர்ல எழுதி வச்சிடுங்க.

ஆன்லைன்ல காசு ஏமாந்துட்டேன், எந்த சைட்டுக்குப் போகணும்?

சைட் அப்புறம். முதல்ல 1930க்கு போன் அடிங்க, அந்த நிமிஷமே. காசு ஒரு அக்கவுண்ட்லருந்து இன்னொண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல எங்கயாச்சும் நிக்கும்போதே முடக்கினாத்தான் திரும்ப வர வாய்ப்பு. வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு நாள் வீட்ல சொல்லாம இருந்துட்டு என்கிட்ட வர்றாங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். போன் பண்ணிட்டு, ஸ்கிரீன்ஷாட், ட்ரான்ஸாக்ஷன் நம்பர் எல்லாம் வச்சு மத்திய அரசோட சைபர் கிரைம் போர்ட்டல்ல எழுத்துல புகார் போடுங்க.

வாங்கின மிக்ஸி ஓடல, கம்பெனிக்காரன் போனே எடுக்கல, அந்த மாதிரின்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, அதுக்கும் சைட் இருக்கு. அதுலயும் தீரலன்னா நுகர்வோர் கோர்ட்டுல ஆன்லைன்லயே கேஸ் போடலாம், நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல.

மழை வருமா வராதான்னு சரியா சொல்ற சைட் எது அண்ணே? நெல்லு காயப் போட்டிருக்கேன்.

சென்னை மண்டல வானிலை மையத்தோட சைட், அதான் கணக்குப்பிள்ளை. அதுல வர்ற வார்த்தைக்கெல்லாம் அளவு இருக்கு, டிவிக்காரங்க அதை சொல்றதில்ல. 24 மணி நேரத்துல 7லருந்து 11 சென்டிமீட்டர்னா கனமழை, 12லருந்து 20னா மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை. மஞ்சள்னா கவனமா பாத்துக்கிட்டு இருங்க, ஆரஞ்சுன்னா தயாரா இருங்க, சிவப்புன்னா இறங்கி வேலையப் பாருங்கன்னு அர்த்தம். அடுத்த மூணு மணி நேரத்துக்குன்னு தனியா ஒரு எச்சரிக்கையும் போடுவாங்க, நெல்லுக்கு அதுதான் வேணும்.

கூடவே விண்டின்னு ஒரு சைட், செக் நாட்டுக்காரங்களோடது, காத்து எந்தப் பக்கம் சுழலுதுன்னு படமாவே ஓடும், பாக்கவே அழகா இருக்கும். அதுல ஐரோப்பாக்காரங்க கணிப்பு, அமெரிக்காக்காரங்க கணிப்பு ரெண்டையும் மாத்தி மாத்தி பாக்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா நான் தார்ப்பாய் எடுத்து வச்சிடுவேன், வேற வேற மாதிரி சொன்னா மறுநாள் காலைல திரும்பப் பாப்பேன். பத்து நாளைக்கு அப்புறம் இன்ன தெருவுல இத்தனை மணிக்கு மழைன்னு காட்டறதை மட்டும் நம்பாதீங்க. பயிர்ல பூச்சி, உரம், விதை சம்பந்தமான சந்தேகம்னா கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட அக்ரிடெக் போர்ட்டல், தமிழ்லயே இருக்கு, படிச்சுப் பாருங்க.

கரண்ட் பில் திடீர்னு எகிறிடுச்சு, மீட்டர் தப்பா?

மீட்டரா இல்லாமலும் இருக்கலாம். மின் வாரிய சைட்ல சர்வீஸ் நம்பர் போட்டு பழைய பில்லுங்களைப் பாருங்க, யூனிட் போட்டா பில் கணக்கு போட்டுக் காட்டற கால்குலேட்டரும் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனா மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா அந்த மேல போன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, 101லருந்து 200 வரைக்கும் இருக்கற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறிடும். அதான் 498க்கும் 502க்கும் நடுவுல அவ்ளோ வித்தியாசம். கால்குலேட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாருங்க, ஏசி எத்தனை மணி நேரம் ஓடணும்னு வீட்ல தானா முடிவாயிடும். "இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட் பண்ணிடுவோம், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு மெசேஜ் வந்தா அது மோசடி, கூப்பிடாதீங்க.

மாத்திரை எதுக்குன்னு தமிழ்ல போட்ட சைட் இருக்கா?

நல்ல தமிழ் சைட்னு கைய நீட்டிக் காட்ட ஒண்ணும் கிடைக்கல, அது எனக்கு பெரிய வருத்தம். இங்கிலீஷ்ல மெட்லைன்ப்ளஸ், அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் நடத்துது, விளம்பரம் கிடையாது, எளிமையா எழுதியிருப்பாங்க, வீட்ல படிச்ச பிள்ளைய விட்டு படிக்கச் சொல்லிக் கேளுங்க. மருந்துச் செலவு தாங்கலன்னா ஜன் ஔஷதி சைட்ல பக்கத்துல கடை எங்க இருக்கு, அந்த மருந்து என்ன விலைன்னு பாக்கலாம், ஆனா பிராண்ட் பேர் போட்டா ஒண்ணும் வராது, அட்டைல கீழ பொடியா போட்டிருக்கற மருந்துப் பேரைப் போடணும். சைட் படிச்சுட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியை எழுதிக்கிட்டுப் போறதுக்குத்தான் படிக்கறது. ரத்தம் வேணும்னா இ-ரக்த்கோஷ்ல எந்த பிளட் பேங்க்ல எந்த குரூப் இருக்குன்னு காட்டும், போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு உறுதி பண்ணிக்கங்க.

பையன் படிக்கறதுக்கு காசில்லாம ஏதாச்சும்?

பாடப்புத்தகம் எல்லாம் அரசு சைட்லயே பிடிஎஃப்பா கிடைக்குது. சயின்ஸுக்கு ஃபெட், கொலராடோ பல்கலைக்கழகத்துல 2002ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவர் இயற்பியல்ல நோபல் வாங்கின கார்ல் வீமன். மின்சாரச் சுற்று, ஊசல், ஒளி எல்லாம் திரையிலயே கையால இழுத்து இழுத்து செஞ்சு பாக்கலாம், தமிழ்லயும் நிறைய இருக்கு. லேப் இல்லாத ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இது பெரிய வரம். என் பொண்ணு ஓம் விதியை அதுல பேட்டரிய மாத்தி மாத்தி பல்ப் பிரகாசமாகறதைப் பாத்துதான் புரிஞ்சுக்கிட்டா. காலேஜ்னா என்பிடெல், ஐஐடி வாத்தியாருங்க பாடம், கேக்கறதுக்கு காசு இல்ல, பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாத்தான் கட்டணும்.

தமிழ் புத்தகம் படிக்க, பழைய வார்த்தைக்கு அர்த்தம் பாக்க?

இந்தக் கேள்வியை யாராச்சும் கேட்டா கடைல வேலையவே நிறுத்திட்டு பேசுவேன். முதல்ல மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சது, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம்ங்கற வேதியியல் விஞ்ஞானி முன்ன நின்னு, உலகம் பூரா இருந்த தமிழ் ஆளுங்க ராத்திரி ராத்திரி உக்காந்து சம்பளம் இல்லாம டைப் அடிச்சுப் போட்டது. அப்பல்லாம் தமிழ் எழுத்து ஒரு கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா இன்னொண்ணுல தெரியாது, அந்தக் காலத்துல செஞ்சிருக்காங்க! திருக்குறள்ல ஆரம்பிச்சு சங்கப் பாட்டு, பாரதியார், சிற்றிலக்கியம்னு போய்க்கிட்டே இருக்கும்.

இலங்கைத் தமிழ் புத்தகம், பழைய பத்திரிகை, ஊர் மலர் இதெல்லாம் நூலகம்ங்கற சைட்ல, 2005ல ஆரம்பிச்சாங்க. யாழ்ப்பாண நூலகம் 1981ல எரிஞ்சப்ப ஏறக்குறைய 97,000 புத்தகம் சாம்பலாப் போச்சு, சில ஏட்டுக்கெல்லாம் வேற பிரதியே கிடையாது. அதை நினைச்சுக்கிட்டு அந்த சைட்டைத் திறந்து பாருங்க, ஒவ்வொரு ஸ்கேன் பக்கமும் எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். நம்ம அரசோட தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்நூலகத்துல பழைய அச்சுப் புத்தகம், ஓலைச்சுவடிப் படம் கூட இருக்கு.

வார்த்தைக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924லருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா போட்ட தமிழ் லெக்சிகன் முழுசா சிகாகோ பல்கலைக்கழகத்து சைட்ல இருக்கு, ஒரு லட்சத்துக்கும் மேல வார்த்தை. பழைய பத்திரத்துல வர்ற "பசலி", "தாவா", "சாஸனம்" மாதிரி வார்த்தையெல்லாம் அதுலதான் பாத்து சொல்றேன். எதாச்சும் சைட் செத்துப் போயிருந்தா இன்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின்ல அந்த அட்ரஸைப் போடுங்க, பழைய தேதில எப்படி இருந்துச்சோ அப்படியே கிடைக்க வாய்ப்பு நிறைய.

வேலைக்குன்னு இல்லாம சும்மா பாக்க சுவாரஸ்யமா எதாச்சும் சொல்லுங்க.

ரேடியோ கார்டன். பூமி உருண்டை வரும், பூரா பச்சைப் புள்ளி, எந்த ஊர்ல நிறுத்தினாலும் அந்த ஊர் ரேடியோ அந்த நிமிஷம் பாடறது கேக்கும். ராத்திரி கடை சாத்தினப்புறம் ஒரு அரை மணி நேரம் இதுலதான் போகும். அப்புறம் மெர்லின்னு ஒரு ஆப், அமெரிக்கா கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆராய்ச்சிக்கூடம் விட்டது, பறவை கத்தறதை போன்ல கேக்க விட்டா என்ன பறவைன்னு சொல்லும். எங்க வீட்டுப் பின்னாடி வேப்பமரத்துல பல வருஷமா டொக் டொக் டொக்னு பாத்திரப் பட்டறை மாதிரி ஒரு சத்தம், யாரோ தட்டறாங்கன்னே நினைச்சுக்கிட்டிருந்தோம். செம்மார்புக் குக்குறுவான். கைக்குள்ள அடங்கற பச்சைக் குருவி, நெத்தில சிவப்பு. இப்ப காலைல அது கத்தலன்னா வீட்ல எல்லாரும் தேடறாங்க.

இவ்ளோ பேரையும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

ஞாபகம் வச்சுக்க வேணாம், பிரவுசர்ல நட்சத்திரத்தை அமுக்கி புக்மார்க் பண்ணி வச்சா அடுத்த தடவை கூகுள்ல தேடி விளம்பரத்துல மாட்டிக்க வேண்டியதில்ல. போன்ல பழக்கம் இல்லாதவங்களுக்காக கடைல ஒரு நாப்பது பக்க நோட்டு கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கேன், வேணுங்கறவங்க பாத்து எழுதிக்கலாம், தெரிஞ்ச நல்ல சைட் இருந்தா அதுல சேக்கவும் செய்யலாம், சேர்த்ததை நான் திறந்து பாத்துட்டு டிக் போடுவேன். பினாங்குல இருபது வருஷம் ஹோட்டல்ல வேலை பாத்துட்டு வந்த ஒரு பெரியவர் போன வாரம் ரேடியோ கார்டனை அதுல பாத்துட்டு, அதைப் போடு தம்பின்னாரு. உருண்டையத் திருப்பி பினாங்குல நிறுத்தினேன். மலாய்ல யாரோ செய்தி வாசிச்சாங்க, ஜெராக்ஸுக்குக் குடுத்த பேப்பரை மறந்துட்டு, ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே நின்னாரு.